தீயணைப்பு வீரர் உடல்நலத் திட்டம்: பணத்தை முதலில் எதில் போடுவது?

கேள்வி: பிப்ரவரி 3, மாலை
எங்கள் நிலையத்தில் 40 பேர். உடல்நலம், உடற்தகுதி என்ற தலைப்பில் ஒரு தொகை வந்திருக்கிறது. நிதியாண்டு முடிவதற்குள் செலவழித்தாக வேண்டும். ட்ரெட்மில் 2, மல்டிஜிம் 1, டம்பெல் செட், பெஞ்ச் எல்லாவற்றுக்கும் கொட்டேஷன் வாங்கியாகிவிட்டது. சாமான் வாங்கினால் பத்து வருஷம் கண்ணுக்கு முன்னால் நிற்கும். டாக்டர் பரிசோதனைக்குக் கொடுத்தால் ஒரே வருஷத்தில் கரைந்துபோகும். அதனால் சாமானுக்கே போடலாம் என்பது என் கட்சி. மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

பிப்ரவரி 3, இரவு
மறுப்பு இருக்கிறது. கொட்டேஷனை ஓரமாக வையுங்கள்.

பணியில் இறக்கும் தீயணைப்பு வீரர்களைக் கொல்வது தீ மட்டுமல்ல, இதயமும்தான். அமெரிக்காவில் 1994 முதல் 2004 வரை பணியில் நேர்ந்த இறப்புகளை ஆராய்ந்து 2007-ல் வெளியான ஆய்வு, பணியில் இறக்கும் வீரர்களில் 45 சதவீதம் பேர் இதய நோயால் இறக்கிறார்கள் என்று குறிப்பிடுகிறது. இன்னொரு கணக்கும் அதில் இருக்கிறது. தீயை நேரடியாக அணைக்கும் வேலை, ஒரு வீரரின் மொத்தப் பணி நேரத்தில் 1 முதல் 5 சதவீதம்தான். இதய நோயால் நேர்ந்த இறப்புகளில் 32 சதவீதம் அந்தச் சிறு நேரத்தோடு ஒட்டி வந்தவை. தூக்கத்திலிருந்து மணியடித்து எழுப்பி, 20 கிலோவுக்கு மேல் உடையும் மூச்சுக்கருவியும் மாட்டி, சில நிமிடங்களில் நாடித்துடிப்பை உச்சத்துக்குக் கொண்டுபோகும் வேலை இது. வியர்வை ஆவியாகாத உடைக்குள் உடல் சூடேறும், நீர் வற்றும், ரத்தம் உறையும் தன்மை கூடும். ஏற்கெனவே அடைப்பு உள்ள இதயம் அங்கேதான் நின்றுவிடுகிறது.

பிரஷர் இருப்பதே தெரியாத ஒருவரை ட்ரெட்மில்லில் ஏற்றினால், அதே ஆபத்தை நிலையத்துக்குள்ளேயே கொண்டுவந்து வைத்ததாகிவிடும். முதல் செலவு பரிசோதனைக்கு. இரண்டாவது, அதற்குப் போகும் நேரத்துக்கு. மூன்றாவது, சொல்லிக்கொடுக்கும் ஆளுக்கு. சாமான் கடைசி.

பிப்ரவரி 4
நேற்று எழுதியதில் உங்கள் வாதத்துக்கு நியாயம் செய்யவில்லை. ஒருமுறை வரும் பணத்தை வருஷா வருஷம் வரும் செலவில் கட்டக்கூடாது என்று நீங்கள் பயப்படுவது சரியான பயம். இரண்டாம் ஆண்டு பணம் இல்லாமல் நின்றுபோன திட்டம், தொடங்காத திட்டத்தைவிட மோசம். வீரர்கள் அடுத்த முறை நம்ப மாட்டார்கள்.

ஆனால் முதல் முழுப் பரிசோதனை ஒருமுறைச் செலவுதான். 40 பேருக்கும் அடிப்படை அளவு எடுத்து வைப்பது அது. அடுத்த பத்து வருஷமும் எந்த ஈசிஜியையும் அதோடுதான் ஒப்பிடுவார்கள். அடுத்த ஆண்டுகளுக்கான பரிசோதனையை வழக்கமான வரவுசெலவில் தனி வரியாகச் சேர்க்கும்படி இப்போதே எழுத்தில் கேளுங்கள். பாதுகாப்பு உடை, குழாய் இவற்றுக்கு எப்படி வரி இருக்கிறதோ அப்படி.

தொகையை 100 பங்காக வைத்து ஒரு கணக்கு: மருத்துவப் பரிசோதனை 45, மாற்று ஆள் நேரம் (பரிசோதனைக்குப் போனவர் இடத்தில் நிற்பவருக்கு) 25, பயிற்றுநர் 12, சாமான் 13, பதிவேடும் அதைப் பூட்டிவைக்கும் ஏற்பாடும் 5.

பிப்ரவரி 4, இரவு
பதிவேட்டுக்கு எதற்கு 5 பங்கு என்று ஒருவர் தனியாகக் கேட்டார். மருத்துவ அறிக்கை நிலைய அதிகாரியின் மேசைக்கு வரக்கூடாது. அவருக்குப் போக வேண்டியது மூன்றே வார்த்தைகளில் ஒன்று: தகுதி, வரம்போடு தகுதி, தற்காலிக ஓய்வு. சுகர் எவ்வளவு, என்ன மாத்திரை என்பதெல்லாம் டாக்டரிடமும் அந்த வீரரிடமும் மட்டும். இதில் ஒருமுறை கசிந்தால் போதும், அடுத்த ஆண்டு நெஞ்சுவலி இருப்பவர்கூட "எனக்கு ஒன்றுமில்லை" என்று எழுதிக் கொடுப்பார். அப்புறம் மீதி 95 பங்கும் வீண்.

கேள்வி: பிப்ரவரி 6
மாற்று ஆளுக்கு 25 பங்கா? பரிசோதனைக்குப் போய்வர அரை நாள். ஷிப்டில் இருக்கும்போதே அனுப்பிவிட்டால் செலவே இல்லையே?

பிப்ரவரி 6
கொட்டேஷனில் வராத செலவு இதுதான். முதலில் விட்டுப்போவதும் இதுதான்.

வெறும் வயிற்றில் ரத்தம், ஈசிஜி, நுரையீரல் ஊதல், காது, கண், டாக்டரோடு பேச்சு, படி ஏறும் சோதனை. எல்லாம் சேர்ந்து ஆளுக்கு 2 மணி நேரம். போக்குவரத்துக்கு 1 மணி நேரம். 40 பேருக்கு 120 மணி நேரம். ஷிப்டிலிருந்து இரண்டிரண்டு பேராக அனுப்பினால் 20 முறை. வண்டிக்குக் குறைந்தது 4 பேர் வேண்டும் என்றால், இருவர் போனதும் அந்த வண்டி நிற்கிறது. இல்லையென்றால் ஆள் குறைவோடு ஓடுகிறது. விடுப்பு நாளில் வரச்சொன்னால் அதற்கும் சம்பளம் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் வரச்சொன்னால் பாதிப்பேர் வரமாட்டார்கள். தங்கள் உடம்பைப் பற்றி உள்ளூரச் சந்தேகம் உள்ளவர்கள்தான் அந்தப் பாதியில் அதிகம் இருப்பார்கள்.

பிப்ரவரி 9
செலவைக் குறைக்க வழி, பரிசோதனைக் குழுவை நிலையத்துக்கே வரவழைப்பது. ஒரு நாளைக்கு 10 பேர், 4 நாள். போக்குவரத்து நேரம் போய்விடும், 120 மணி 80 ஆகும். ஆனால் இரண்டு விஷயம் கெடும்.

ஒன்று காது. கம்ப்ரசர் ஓடும் கட்டடத்தில் காது சோதனை வைத்தால் தாழ்ந்த ஒலிகள் யாருக்குமே கேட்காது. 40 பேருக்கும் செவித்திறன் குறைபாடு என்று அறிக்கை வரும். ஒலித்தடுப்புப் பெட்டி கொண்டுவர ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள், அந்த நேரத்தில் கம்ப்ரசரை நிறுத்துங்கள். அடிப்படைக் காது சோதனைக்கு முன் 14 மணி நேரம் பலத்த சத்தத்திலிருந்து விலகி இருக்க வேண்டும். அதனால் ஷிப்ட் முடிவில் வைக்காதீர்கள். விடுப்பு முடிந்து வரும் காலையில் முதல் வேலையாக வையுங்கள்.

இரண்டாவது, அழைப்பு மணி. வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுத்தவர் அடுத்த நிமிடம் உடை மாட்டி ஓடக்கூடாது. சாப்பிட்டு, தண்ணீர் குடித்து, ஒரு மணி நேரம் கழியும்வரை அவர் பெயரை வண்டிப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். பலகையில் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு கோடு போட்டாலும் போதும், யார் ஓடலாம் யார் கூடாது என்பது எல்லோருக்கும் தெரிய வேண்டும்.

பிப்ரவரி 10
திருத்தம். 4-ஆம் தேதிக் கணக்கில் பெரிய ஓட்டை. தொடர் பரிசோதனைக்கு நான் ஒரு பங்குகூட ஒதுக்கவில்லை.

ஈசிஜியில் ஏதோ மாற்றம் தெரிகிறது, டாக்டர் "ட்ரெட்மில் ஈசிஜியோ எக்கோவோ எடுங்கள்" என்கிறார். யார் பணம் கொடுப்பது? திட்டம் கொடுக்கவில்லை என்றால் வீரர் தன் கையிலிருந்து கொடுக்க வேண்டும். கொடுக்கும்வரை தற்காலிக ஓய்வில் உட்கார வேண்டும். ஓவர்டைம் போகும், வீட்டில் கஷ்டம். உடம்பைக் காட்டியதற்குத் தண்டனை கிடைத்தது போல ஆகிவிடும். 40 பேரில் 5 பேருக்குத் தொடர் பரிசோதனை வரும் என்று வைத்துத் திட்டமிடுங்கள்.

புதுக் கணக்கு: பரிசோதனை 45, தொடர் பரிசோதனை 10, மாற்று ஆள் 17 (குழு நிலையத்துக்கு வருவதால்), பயிற்றுநர் 12, சாமான் 11, பதிவேடு 5. தொடர் பரிசோதனைப் பங்கு மீந்தால் அதை வேறு எதற்கும் மாற்ற முடியாதபடி விதியில் கட்டுங்கள்.

பிப்ரவரி 15
படி ஏறும் சோதனையைப் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். நிலையத்திலேயே செய்யக்கூடியது, செலவு கிட்டத்தட்ட இல்லை, ஆனால் தப்பாகச் செய்தால் எண் முழுக்கப் பொய். செஸ்டர் முறையைச் சொல்கிறேன்.

30 செ.மீ. உயரப் பெட்டி. வயது கூடியவர்களுக்கும் பழக்கம் விட்டவர்களுக்கும் 25 அல்லது 20. பெட்டி ஆடக்கூடாது, அடியில் ரப்பர் வேண்டும். நெஞ்சுப் பட்டை வைத்த நாடித்துடிப்பு மானி. தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60-ல் வைத்தால் ஒரு தட்டுக்கு ஒரு கால்: ஏற்று, ஏற்று, இறக்கு, இறக்கு. நிமிடத்துக்கு 15 ஏற்றம். 2 நிமிடம் ஆனதும் 80, அப்புறம் 100, 120, 140. மொத்தம் 5 கட்டம், 10 நிமிடம். ஒவ்வொரு கட்டம் முடியும்போதும் நாடியைக் குறியுங்கள். 220-லிருந்து வயதைக் கழித்து, அதில் 80 சதவீதம் தொட்டதும் நிறுத்துங்கள். 40 வயதுக்காரருக்கு 144. குறித்த நாடியை அந்தந்தக் கட்டத்தின் ஆக்சிஜன் தேவைக்கு எதிரே வரைதாளில் புள்ளியாகப் போட்டு நேர்கோடு இழுத்து, உச்ச நாடி 180-ஐ அது எங்கே தொடுகிறது என்று பார்த்தால் அதுதான் ஆக்சிஜன் கொள்ளளவின் மதிப்பீடு.

கெடும் இடங்கள்: முழங்காலில் கையை ஊன்றி ஏறுவது. பெட்டிமேல் காலை முழுதாக நிமிர்த்தாமல் பாதியில் இறங்குவது. பக்கத்தில் நிற்பவனோடு பேச்சு. அரை மணி முன் குடித்த காபி. ராத்திரி நாலு முறை மணியடித்த ஷிப்டின் காலை. கடைசி இரண்டும் நாடியை ஏற்றிவிடும், நல்ல உடம்பும் மோசமாகக் காட்டும். பிரஷருக்கு பீட்டா பிளாக்கர் சாப்பிடுபவருக்கு நேர்மாறு: நாடி ஏறவே ஏறாது, பயில்வான் மாதிரி எண் வரும். அவருக்கு இந்தச் சோதனை வேண்டாம், டாக்டர் முன்னால் வேறு சோதனை.

பிப்ரவரி 16
நேற்றைய எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு யாரையும் வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள், அதைச் சொல்ல மறந்துவிட்டேன். நிமிடத்துக்கு கிலோவுக்கு 42 மி.லி., அதாவது 12 மெட் (சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஆகும் ஆக்சிஜனைப் போல 12 மடங்கு) என்பது தீயணைப்புப் பணிக்குப் பல இடங்களில் வைக்கும் அளவுகோல். ஆனால் 220 கழித்தல் வயது என்பதே 10 துடிப்புக்கு மேல் இப்படியும் அப்படியும் போகும் சூத்திரம். 40 வயதுக்காரரின் உண்மையான உச்சம் 190 என்றால், உங்கள் கோடு அவரைக் குறைத்துக் காட்டும். 40 வந்தவரும் 44 வந்தவரும் நிஜத்தில் ஒரே அளவாக இருக்கலாம். இந்தச் சோதனை ஒருவரை அவருடைய போன வருஷத்து எண்ணோடு ஒப்பிட நல்லது. எல்லைக்குக் கீழே வந்தால் மூச்சை அளக்கும் முழுச் சோதனைக்கு அனுப்புங்கள். அந்த 10 பங்கு இதற்கும்தான்.

கேள்வி: பிப்ரவரி 22
சரி, பரிசோதனைக்குச் சம்மதம். 11 பங்கில் சாமான் என்ன வாங்குவது? வண்டிக்கூடத்தின் பின்பக்கம் காலியாக இருக்கிறது, அங்கேயே போட்டுவிடலாம் என்று இருக்கிறோம்.

பிப்ரவரி 22
வண்டிக்கூடத்தில் வேண்டாம். எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம்.

வண்டியைக் கிளப்பும்போது வரும் டீசல் புகையை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-லேயே புற்றுநோய் உண்டாக்குவது உறுதியானவற்றின் பட்டியலில் சேர்த்துவிட்டது. 2022-ல் தீயணைப்புப் பணியையே அதே முதல் வகையில் சேர்த்தது. வண்டிக்கூடத்தில் டீசல் புகையோடு, தீயிலிருந்து திரும்பிய உடைகள் கக்கும் வாயுவும் சேர்ந்திருக்கிறது. உடற்பயிற்சி செய்பவர் சும்மா நிற்பவரைவிடப் பல மடங்கு காற்றை இழுப்பார். அங்கே வைத்த ட்ரெட்மில்லின் மூடியை ஒரு மாதம் கழித்து வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள், துணியில் கறுப்பாக ஒரு கோடு விழும். நுரையீரலுக்குள்ளும் அதுதான் போயிருக்கிறது. கதவு மூடும், ஜன்னல் திறக்கும், தனி அறை ஒன்று பாருங்கள். அறை இல்லையென்றால் சாமானைக் குறைத்துத் திறந்தவெளியில் செய்யுங்கள்.

என்ன வாங்குவது: வேலை எப்படியோ அப்படி. குழாய் இழுப்பது, ஏணி தூக்குவது, ஆளை இழுத்து வருவது, படி ஏறுவது. மணல் மூட்டை 15, 25, 35 கிலோவில் இரண்டிரண்டு. கெட்டில்பெல் (கைப்பிடி வைத்த இரும்புக்குண்டு) 12, 16, 24. இழுத்துச் செல்லும் ஸ்லெட் ஒன்று. ஓய்வுபெற்ற குழாய்த் துண்டுகள், காலாவதியான உடை, காலி சிலிண்டர் உங்களிடமே இருக்கிறது. ரோயிங் மெஷின் 2. தரைக்கு 8 முதல் 10 மி.மீ. ரப்பர் பாய். மல்டிஜிம் வேண்டாம், ஒரு நேரத்தில் ஒருவர்தான், கேபிள் அறுந்தால் மாதக்கணக்கில் நிற்கும்.

பிப்ரவரி 23
ட்ரெட்மில் ஒன்றாவது வேண்டும் என்று அடம்பிடித்தால்: தனி மின்சுற்று, பின்னால் 2 மீட்டர் காலியிடம், பெல்ட்டுக்கு எண்ணெய் போட ஒருவர் பெயர், பராமரிப்பு ஒப்பந்தம். இந்த நான்கும் கொட்டேஷனில் இல்லையென்றால் விலை குறைவாகத் தெரியும். எல்லாச் சாமானுக்கும் 7 ஆண்டு ஆயுள் வைத்து, வாங்கிய விலையில் ஏழில் ஒரு பங்கை ஆண்டுதோறும் ஒதுக்கி வையுங்கள். பத்து வருஷம் கண்ணுக்கு முன்னால் நிற்கும் என்று எழுதியிருந்தீர்கள். நிற்கும். ஓடுமா என்பதற்குத்தான் இந்த ஒதுக்கீடு.

மார்ச் 1
அடுத்த ஆண்டுப் பணம் எங்கிருந்து வரும் என்று கேட்கிறவர்களுக்கு.

அமெரிக்காவில் ஃபெமா என்ற பேரிடர் மேலாண்மை முகமை நடத்தும் தீயணைப்பு வீரர் உதவி மானியத்தைப் பார்த்தால் ஒரு பாடம் இருக்கிறது. நலத் தலைப்பில் மருத்துவப் பரிசோதனை, தடுப்பூசி, மனநலம் ஆகியவற்றுக்குத்தான் முதல் முன்னுரிமை. உடற்பயிற்சிச் சாமான் அதற்குப் பின்னால். நிலையமும் தன் கையிலிருந்து போட வேண்டும்: மக்கள்தொகை 20,000 வரை என்றால் மானியத்தில் 5 சதவீதம், 10 லட்சம் வரை 10, அதற்கு மேல் 15. எந்த நாட்டில் எந்த அமைப்பிடம் கேட்டாலும் இந்த இரண்டு கேள்வியும் வரும்: முதலில் எதைச் செய்கிறீர்கள், உங்கள் பங்கு எங்கே? உங்கள் பங்கைக் காட்ட மாற்று ஆள் நேரம் நல்ல வழி, விதி அனுமதித்தால். ஏற்கெனவே வரவுசெலவில் இருக்கும் செலவை மானியத்துக்கு மாற்றிவிட்டு அந்தப் பணத்தை வேறு எதற்கோ எடுத்துக்கொள்ளாதீர்கள், தணிக்கையில் அங்கேதான் பிடிப்பார்கள்.

காப்பீட்டு நிறுவனத்திடமும் கேளுங்கள். பணமாகத் தராவிட்டாலும் பரிசோதனையின் ஒரு பகுதியை ஏற்பார்கள், அல்லது காயக் கணக்கைத் தொகுத்துத் தருவார்கள். விண்ணப்பத்துக்கு அந்தத் தொகுப்பே தங்கம்: எத்தனை காயம், எத்தனை வேலை நாள் இழப்பு, அந்த நாட்களுக்கு எவ்வளவு ஓவர்டைம். போன ஆண்டு எண்ணைப் போட்டு, திட்டம் வந்தால் எவ்வளவு மிச்சம் என்று காட்டுங்கள்.

மார்ச் 2
நேற்றைய கடைசி வரியை வாபஸ் வாங்குகிறேன். போன ஆண்டு எண்ணை மட்டும் போடாதீர்கள்.

40 பேர் உள்ள நிலையத்தில் காயம் ஒரு ஆண்டு 9, அடுத்த ஆண்டு 4, அதற்கடுத்து 8 என்று வரும் என்று வைத்துக்கொள்வோம். சராசரி 7. 9 வந்த ஆண்டில் பயந்துபோய் மானியம் கேட்டீர்கள், வந்தது, மறு ஆண்டு 4. திட்டம்தான் காரணம் என்று எழுதுவீர்கள். எதுவும் செய்யாமலே அது இறங்கியிருக்கும். மூன்றாம் ஆண்டு 8 வந்ததும் "திட்டம் தோற்றது" என்று நிதியை வெட்டுவார்கள். 5 ஆண்டுச் சராசரியை அடிப்படையாக வையுங்கள். வெற்றிக்கு அளவுகோலாக உங்கள் கையில் இருப்பதைச் சொல்லுங்கள்: 40 பேரில் எத்தனை பேர் பரிசோதனை முடித்தார்கள், தெரியாமலிருந்த பிரஷர் எத்தனை பேருக்குக் கண்டுபிடித்து மருந்து தொடங்கியது, மாதத்தில் எத்தனை பயிற்சி வேளை நடந்தது.

எடையை அளவுகோலாக வைக்காதீர்கள். தசை கூடினால் எடையும் கூடும், வீரர்களுக்கு வெறுப்பும் வரும்.

மார்ச் 8
புதிதாகச் சேருபவர்களுக்கான சிபாட் என்ற உடல்திறன் தேர்வை வருஷா வருஷம் எல்லோருக்கும் வைத்தால் என்ன என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. வேண்டாம். 22.68 கிலோ உடுப்பு போட்டு 8 வேலைகளை 10 நிமிடம் 20 வினாடிக்குள் முடிக்கும் அந்தத் தேர்வு, ஆள் எடுப்பதற்காக வகுத்தது. முடித்தார், முடிக்கவில்லை என்பதோடு நின்றுவிடும். இதயத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. 1997-ல் அமெரிக்காவில் வீரர்கள் சங்கமும் தலைமை அதிகாரிகள் சங்கமும் சேர்ந்து தொடங்கிய நலத் திட்டத்தின் அடிப்படையே பணியில் இருப்பவரைத் தண்டிக்காமல் தேற்றி எடுப்பதுதான். உங்கள் திட்டத்தின் முதல் பக்கத்தில் அதிகாரியும் வீரர் தரப்பும் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும்.

மார்ச் 12
தூக்கம். இதற்குக் காசே வேண்டாம், அதனால்தான் பட்ஜெட்டில் வராமல் போகிறது. ஸ்டாப்-பேங் என்று 8 கேள்விகள் கொண்ட தாள் இருக்கிறது: குறட்டை, பகல் அசதி, தூக்கத்தில் மூச்சு நிற்பதைப் பிறர் பார்த்தது, பிரஷர், எடை, வயது, கழுத்துச் சுற்றளவு, பாலினம். பரிசோதனை நாளில் ரத்தம் கொடுக்கக் காத்திருக்கும்போது நிரப்பிவிடலாம். இரவில் மூச்சடைக்கும் நோய் பிரஷரை ஏற்றும், இதயத் துடிப்பைக் குழப்பும். ஒரே அறையில் படுப்பவர்களுக்கு யார் குறட்டை விடுகிறார் என்று தெரியும், ஆனால் அதை நோயாக யாரும் நினைப்பதில்லை.

மனநல ஆலோசகருக்கும் ஒரு வழி வேண்டும், பரிசோதனைப் பங்குக்குள்ளேயே. அதிகாரியிடம் அனுமதி கேட்காமல் வீரர் நேரே போகக்கூடிய வழியாக இருக்க வேண்டும்.

கேள்வி: மார்ச் 20
புதுக் கணக்குக்கு ஒப்புதல் வந்துவிட்டது. 4 நாள் பரிசோதனை முடிந்தது. 40 பேரில் 38 பேர் வந்தார்கள். பயிற்சி திங்கள் முதல் தொடங்குகிறோம். எல்லோரும் ஆர்வத்தில் இருக்கிறார்கள், முதல் நாளே ஷிப்டுகளுக்குள் போட்டி வைக்கலாமா?

மார்ச் 20, இரவு
38 நல்ல எண். மீதி இருவரிடம் அதிகாரி பேச வேண்டாம், கூட வேலை பார்ப்பவர் யாராவது பேசட்டும்.

போட்டி வேண்டாம், முதல் 6 வாரத்துக்கு வேண்டவே வேண்டாம். பழக்கமில்லாத உடம்பில் நூற்றுக்கணக்கில் உட்கார்ந்து எழுந்தால் தசை நார் உடைந்து ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைப் பிடிக்கும். கோலா நிறத்தில் சிறுநீர் போனால் ஓய்வெடுத்துப் பார்ப்போம் என்று இருக்கக்கூடாது, அப்போதே மருத்துவமனை. இந்த ஒரு வரியை அறைச் சுவரில் ஒட்டுங்கள்.

ஷிப்டில் பயிற்சி 60 நிமிடம்: 10 சூடேற்றம், 35 வேலை, 15 ஆற்றிக்கொள்ளல். முக்கால் பலத்தில் நிறுத்த வேண்டும். மணியடித்தால் அந்தக் கால்களோடுதான் மாடிப்படி ஏறப்போகிறார்கள். கடுமையான பயிற்சியை விடுப்பு நாளுக்கு எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள் பயிற்றுநரிடம். ஷிப்டுக்கு ஒரு பயிற்றுநராவது இருக்கிறார்தானே?

மார்ச் 21
ஒன்று விட்டுப்போயிற்று. மணியடித்துப் பாதியில் நின்ற பயிற்சி வேளையைப் பதிவேட்டில் "நடக்கவில்லை" என்று எழுதாதீர்கள். "அழைப்பால் நின்றது, 20-ஆவது நிமிடம்" என்று நேரத்தோடு எழுதுங்கள். ஆண்டு முடிவில் அந்த வரிகளை எண்ணினால், பயிற்சிக்கு எந்த வேளை ஒத்துவரும், எந்த ஷிப்டுக்கு ஒரு ஆள் கூடுதலாக வேண்டும் என்பது தெரியும். அடுத்த விண்ணப்பத்தில் மாற்று ஆள் பங்கைக் கேட்க அந்தத் தாளை இணைத்தால் போதும்.